விடை தெரிந்த ஜோடி

மார்ச் 3

மதிப்பிற்குரிய கம்ப்யூட்டர் அதிகாரி அவர்களுக்கு,

தம்பி என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இப்படி. போன் செய்யாதே. உன் நம்பரை எப்போதோ போனிலிருந்து எடுத்துவிட்டேன். உன் துறை சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால்தான் உன் ஆபீஸ் மெயிலுக்கு எழுதுகிறேன்.

நான் செத்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் ஒரு மாணவிக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கழுத்து வலியோடு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், அழைப்பு மணி அடிக்கிறது. வாசலில் இரண்டு பேர். கையில் ஐஸ் பெட்டியோடு ஓர் ஆள், பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண். இருவருக்கும் தலை குனிந்தே இருந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. நாங்க கண் வங்கியிலேர்ந்து வர்றோம். அம்மாவோட உடம்பு எந்த ரூம்ல இருக்கு?"

"எந்த அம்மா?"

காகிதத்தை நீட்டினார். என் பெயர், என் முகவரி, என் பிறந்த தேதி. கண் தானம் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது எனக்கே மறந்துபோயிருந்தது.

"அந்த உடம்பு இங்கதான் இருக்கு. உங்ககிட்டப் பேசிக்கிட்டிருக்கு" என்றேன்.

அந்தப் பெண் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆள் கையிலிருந்த பெட்டி நழுவி, கூடம் முழுக்க ஐஸ் கட்டி. எனக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. கடைசியில் சாகாதவள்தான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, ஐஸைப் பெருக்கித் தள்ளினேன்.

ஏதோ ஒரு கிறுக்கன் பெயரை மாற்றி எழுதிவிட்டான் என்று நினைத்தேன். இன்று டயாலிசிஸுக்குப் போனால், என் படுக்கையில் வேறொருவர். நர்ஸ் என்னைப் பார்த்து "ஐயோ" என்று கத்திய சத்தத்தில் எல்லா மெஷின்காரர்களும் எழுந்து பார்த்தார்கள். பக்கத்துப் படுக்கை ஃபேன்காரர் ஒருவர் உண்டு. எப்போதும் ஃபேனை முழு வேகத்தில் வைக்கச் சொல்வார், நான் நிறுத்தச் சொல்வேன், வாரம் மூன்று முறை எங்களுக்குள் யுத்தம். அவர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். "நீங்க போயிட்டீங்கன்னு சொன்னாங்கம்மா. நீங்க கேட்டபடி ஃபேனை நிறுத்திட்டேம்மா" என்கிறார்.

இதெல்லாம் கூட இருக்கட்டும். கிட்னிக்குக் காத்திருக்கும் வரிசையில் என் பெயர் இல்லை. நான்கு வருஷமாக ஒவ்வொரு படியாக ஏறி, மேலே வந்திருந்தேன். எடுத்துவிட்டார்கள். செத்தவளுக்கு எதற்குக் கிட்னி?

தகவல் போனது உங்கள் கம்ப்யூட்டர் மையத்திலிருந்து. யார் செய்தார்கள் என்று மட்டும் சொல். வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்ததுதான் போதுமே.

இப்படிக்கு,
காலமானவள்

மார்ச் 3, மாலை

அக்காவுக்கு,

படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரி என்ன என்று கேட்டாள். "அக்கா செத்துட்டா" என்று வாயில் வந்துவிட்டது. அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் அவளைத் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

உடம்பு எப்படி இருக்கிறது? இன்று மெஷினில் போட்டார்களா இல்லையா? அதை எழுதவே இல்லையே.

எந்தப் படுபாவி செய்தானோ, அவனை நான் சும்மா விடப்போவதில்லை. மேலாளர் முன்னால் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன். கண் வங்கிக்காரர் காட்டிய காகிதத்தின் நகலை அனுப்பு. அதில் மரணத்தை உறுதி செய்தவர் எண் என்று ஒன்று இருக்கும். அது கிடைத்தால் ஆள் கிடைத்த மாதிரி.

ஒரே ஒரு தடவை போன் செய்யட்டுமா?

தம்பி

மார்ச் 5

கம்ப்யூட்டர் அதிகாரிக்கு,

வேண்டாம்.

மெஷினில் போட்டார்கள். நர்ஸ் தன் பொறுப்பில், கையால் எழுதி வைத்துக்கொண்டு போட்டாள். நல்லவள். ஆனால் எத்தனை நாளைக்கு?

வரிசை ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஒரு பெண், பாவம், என்னைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டரையும் பார்க்கிறாள். எதை நம்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "செத்தவங்களை மறுபடி சேர்க்க இதுல வழியே இல்லீங்க மேடம். புதுசா வேணாப் பதிஞ்சுக்கலாம்" என்றாள். புதிதாகப் பதிந்தால் வரிசையின் கடைசி. "திரும்ப உயிரோட வந்தவங்களுக்கு என்னதான் செய்வீங்க?" என்றேன். "இதுவரைக்கும் யாரும் வந்ததில்லீங்க" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

டாக்டரிடம் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். மெஷினை மட்டும் நம்பி இன்னொரு முறை கடைசியிலிருந்து நின்று வர என் இதயம் தாங்காதாம். அவ்வளவுதான் விஷயம். முதலில் காகிதத்தில் செத்தேன், உடம்பு பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது.

டிரைவிங் ஸ்கூல் முதலாளி போன் செய்தார். என் லைசென்ஸ் ரத்தாகிவிட்டதாம். "தப்பா நினைக்காதீங்க, செத்தவங்க வண்டியில உட்கார்ந்தா இன்சூரன்ஸ் கிடைக்காது" என்றார். அந்த ஆள் மனசாரத்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

காகிதத்தின் நகல் இத்துடன். உறுதி செய்தவர் எண்ணை வரிசை ஆபீஸில் தேடிப் பார்த்தார்கள். அப்படி ஒரு டாக்டரே கிடையாதாம். யாரப்பா அந்த எமன்? கண்டுபிடித்துச் சொல்.

மார்ச் 7

அக்காவுக்கு,

அந்த எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. நகலைத் திறந்ததும் தெரிந்தது. அது என் எண்.

படுபாவி நான்தான்.

இரண்டு நாளாக எப்படி எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கிட்னி கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் பொருத்தம் பார்க்கிற புரோகிராமைப் புதிதாகச் செய்யச் சொன்னார்கள். எங்கள் மேலாளருக்கு ஒரு கொள்கை: "புதுசா ஒரு வரி எழுதறதுக்கு முன்னாடி கிடங்குல இருக்கான்னு பாரு." இத்தனை வருஷமாக இங்கே வேலை பார்த்தவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன மாட்யூல்கள் எல்லாம் கிடங்கில் கிடக்கின்றன. மாட்யூல் என்றால் ஒரே ஒரு சின்ன வேலையைச் செய்கிற புரோகிராம். வயதைக் கணக்குப் பார்க்க ஒன்று, முகவரியைச் சரிபார்க்க ஒன்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தலாம். கண்டுபிடிக்க முடிந்தால்.

முதலில் பெயரை வைத்துத் தேடினேன். பொருத்தம் என்று போட்டால் நர்ஸ்களுக்குச் சீருடை அளவு பார்க்கும் மாட்யூல் வந்தது. மற்றவை பெயரெல்லாம் 'புதுசு', 'புதுசு-கடைசி', 'இதுதான் நிஜமாகவே கடைசி' என்று இருக்கின்றன. அடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விவரக் குறிப்பு உண்டு. என்ன செய்யும், எதன்மேல் செய்யும், யாருக்காக என்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் யாரோ மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று அவசரத்தில் எல்லாவற்றிலும் 'பலவகைப் பயன்' என்று நிரப்பி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே மூன்றாவது வழி. பெயரைக் கேட்காதே, வேலை கொடுத்துப் பார். நீ டிரைவரை எப்படிப் பார்ப்பாய்? சான்றிதழைப் பார்ப்பாயா, ஓட்டிக் காட்டச் சொல்வாயா? அப்படித்தான். இரண்டு பேர் எண்களை வாங்கிக்கொண்டு ஒரு விடை சொல்லக்கூடிய மாட்யூல்களைப் பொறுக்கி எடுத்து, விடை தெரிந்த ஒரு கேள்வியை எல்லாவற்றிடமும் கேட்டேன். சரியாகச் சொல்வது எதுவோ அதுதான் நான் தேடுவது.

இதற்கு விடை சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு ஜோடி வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒரே ஜோடிதான். நோயாளிகள் பட்டியலிலிருந்து உன் எண்ணையும், கொடுப்பவர்கள் பட்டியலிலிருந்து என் எண்ணையும் கொடுத்தேன். சரியான விடை பூஜ்யம். பொருந்தாது என்று அர்த்தம்.

சில மாட்யூல்கள் பூஜ்யம் என்றன. அதில் ஒன்று மற்றவற்றைவிட வேகம். நான் சந்தோஷப்பட்டேன், அக்கா. அதைப் பார்த்து மேஜையைத் தட்டினேன். அது மரண அறிவிப்பு அனுப்புகிற மாட்யூல். முதல் எண்ணைச் செத்தவர் என்றும், இரண்டாவது எண்ணை அதை உறுதி செய்த டாக்டர் என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறது. உன்னைப் பதிந்து, கண் வங்கிக்கும் வரிசை ஆபீஸுக்கும் லைசென்ஸ் ஆபீஸுக்கும் தகவல் அனுப்பிவிட்டு, பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறது. வேலை முடிந்தது, கோளாறு இல்லை என்று அதன் பாஷையில் அர்த்தம்.

அசல் பட்டியலைத் தொடக் கூடாது என்று நகல் எடுத்து, அதில்தான் ஓட்டினேன். ஆனால் இந்த மாட்யூலை எழுதியவர் அசல் இருக்கும் இடத்தை அதற்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார். நகலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அசலுக்குப் போய்விட்டது. நான் உள்ளே திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தம்பி

மார்ச் 8

டேய்,

உன்னை என்னவென்று திட்டுவது என்றே தெரியவில்லை. எனக்குத் திட்டத் தெரியாமல் போவது இதுதான் முதல் தடவை. டிராபிக்கில் நான் பேசுவதைக் கேட்டு மாணவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள்.

ஓட்டிக் காட்டச் சொல்வேனாம். சொல்வேன்டா. ஆனால் நான் உட்காரும் பக்கம், என் காலடியில் இரண்டாவது பிரேக் ஒன்று இருக்கும். ஓட்டுகிறவன் எந்தச் சுவரை நோக்கிப் போனாலும் நான் மிதித்தால் வண்டி நிற்கும். அது இல்லாத வண்டியில் கத்துக்குட்டியை ஏற்ற யாருக்கும் அனுமதி கிடையாது. கிடங்கு முழுக்க முன்பின் தெரியாத டிரைவர்கள், ஒவ்வொருவன் கையிலும் சாவியைக் கொடுத்துவிட்டு நீ மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாயா? உன் இரண்டாவது பிரேக் எங்கேடா? எடுத்தேன் கவிழ்த்தேன் என்று ஒரு வேலை.

சரி. இதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு உன் மெயிலை மறுபடி படித்தேன். ஓரிடத்தில் வந்து நின்றுவிட்டேன்.

கிட்னி கொடுப்பவர்கள் பட்டியலில் உனக்கு எப்படி எண் வந்தது? டெஸ்டுக்கு வா என்று நான் கூப்பிட்டபோது, என் வாசலில் நின்று "என்னால முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனவன் நீ. எனக்கென்று இருக்கிற ஒரே ரத்த சொந்தம். அன்றைக்குத்தானே உன் நம்பரை எடுத்தேன்? டெஸ்டுக்கே போகாதவனுக்கு, நாம் பொருந்தமாட்டோம் என்று சந்தேகமில்லாமல் எப்படித் தெரியும்?

சுற்றி வளைக்காமல் எழுது.

இன்னொன்று, வெறும் வம்புக்குத்தான் கேட்கிறேன். உன் கிடங்கிலிருந்த மற்றதெல்லாம் நம்மைப் பற்றி என்ன சொல்லியது? செத்தவள் ஆசை, சொல்லிவிடு.

மார்ச் 10

அக்காவுக்கு,

நீ கூப்பிடுவதற்கு முந்தின வாரமே டெஸ்டுக்குப் போய்விட்டேன். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உன்னை அசத்த வேண்டும் என்று நினைப்பு. உன் ரத்தம் ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்தார்கள், அதோடு என்னுடையதைக் கலந்து பார்த்தார்கள். உன் ரத்தம் என்னுடையதைக் கண்டதும் சண்டைக்குப் போகிறதாம். டாக்டர் அப்படித்தான் சொன்னார். எனக்கு ஆச்சரியமில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் கிட்னியை உனக்கு வைத்தால் உன் உடம்பு அதை அன்றைக்கே கொன்றுவிடும் என்றார்.

அதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். நீ கதவைத் திறந்ததும் என்ன சொன்னாய் தெரியுமா? "நீ இருக்கிறப்ப எனக்கென்னடா கவலை?" அவ்வளவு சிரிப்பாக நீ அதற்கு முன்னால் எப்போது இருந்தாய் என்றே எனக்கு ஞாபகமில்லை. டெஸ்டுக்கு வா என்றாய். பொருந்தாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "என்னால முடியாது" என்பதுதான் வந்தது.

வெளியே வந்த பிறகு, திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று தெருமுனை வரைக்கும் யோசித்தேன். அப்புறம் தோன்றியது: மாட்டேன் என்கிற தம்பி என்றைக்காவது மனசு மாறுவான் என்று இவள் நம்பிக்கொண்டிருக்கலாம். பொருந்தாத தம்பியை வைத்துக்கொண்டு எதை நம்புவாள்? என்மேல் கோபம் இருந்தால் நீ நிமிர்ந்து நடப்பாய். உன்னை எனக்குத் தெரியும். கோபம் இருக்கிற வரைக்கும் நீ படுத்துவிடமாட்டாய்.

ஆஸ்பத்திரியில், என்றைக்காவது ஏதாவது வழி வந்தால் கூப்பிடுங்கள் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். உன் ஜோடி என்று உன் எண்ணுக்குப் பக்கத்தில் என் எண்ணைப் பதிந்து வைத்தார்கள். அந்த எண்தான் உன்னைச் செத்தவள் என்று உறுதி செய்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான் போல.

மற்றவை சொன்னதைக் கேட்டாய். பாதிக்கு மேல் வாயே திறக்காமல் பிழை என்று படுத்துவிட்டன. ஒன்று நம் வயதுகளைக் கழித்துச் சொன்னது. சீருடை மாட்யூல் நம் இருவருக்கும் ஒரே அளவு போதும் என்றது. ஒன்று மட்டும் விசித்திரம். பொருந்தும், பொருந்தாது என்று எதுவும் சொல்லாமல் வேறு இரண்டு எண்களைக் கொடுத்தது. நம் எண்கள் இல்லை. நான் கேட்ட விடை பூஜ்யம், அது சொன்னது வேறு, அதனால் தப்பு என்று தள்ளிவிட்டேன். நீ கேட்டதால் மறுபடி தேடி எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஓட்டவில்லை. திறந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி

மார்ச் 11

தம்பி,

என்ன எழுதுவது?

நீ சுயநலக்காரன் என்று டயாலிசிஸில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஃபேன்காரர் சம்சாரம் நல்ல மனுஷி, "அவருக்கு என்ன கஷ்டமோ" என்று உனக்காகப் பேசும். நான் அதன் வாயை அடைத்துவிடுவேன். உன் பிறந்த நாளன்று வேண்டுமென்றே எதையும் நினைக்காமல் இருக்க மாணவர்களைக் கூடுதலாக எடுத்துக்கொள்வேன். இத்தனையையும் நீ பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாயா?

என் கோபத்தை மருந்தாக எனக்கே கொடுத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் ஓரமாக நின்றாயாடா? உன்னை யார் கேட்டது?

எனக்குக் கை கால் ஓடவில்லை. காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். செத்துவிட்டேன் என்று அவர்கள் சொன்னபோதுகூட இப்படி இல்லை.

மார்ச் 16

அக்காவுக்கு,

அந்த மாட்யூல் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டது. அவசரமாக எழுதுகிறேன், தட்டச்சுப் பிழை இருந்தால் மன்னித்துவிடு.

அது பொருத்தம் பார்ப்பதே இல்லை. பொருந்தாத ஜோடியைக் கொடுத்தால், அதே மாதிரி பொருந்தாத இன்னொரு ஜோடியைத் தேடித் தருகிறது. என் கிட்னி உனக்கு ஆகாது, ஆனால் அங்கே இருக்கிற நோயாளிக்கு ஆகும். அவருக்குக் கொடுக்க வந்தவருடையது அவருக்கு ஆகாது, ஆனால் உனக்கு ஆகும். மாற்றிக்கொள்ளலாம். அது கொடுத்த இரண்டு எண்களும் அப்படி ஒரு ஜோடி. இதற்கு வரிசையே தேவையில்லை, அக்கா. நீ முதலில் இருந்தாலும் கடைசியில் இருந்தாலும் ஒன்றுதான்.

நான் கேட்டதற்கு அது தப்பாகப் பதில் சொல்லவில்லை. நான்தான் சின்னக் கேள்வி கேட்டிருக்கிறேன்.

எழுதியவர் யாரென்று தெரியவில்லை. எழுதி, கவனமாகச் சரிபார்த்து, கிடங்கில் வைத்துவிட்டு வேறு ஊருக்கோ வேறு வேலைக்கோ போயிருக்கிறார். விவரக் குறிப்பில் 'பலவகைப் பயன்'. ஒருவர்கூட இதுவரை எடுத்துப் பார்த்ததில்லை.

நானும் மேலாளரும் கிட்னி வரிசையைப் பார்த்துக்கொள்கிற டாக்டரிடம் போனோம். இந்த மாதிரி மாற்று ஏற்பாடு சட்டப்படி செய்யலாம், அவர்களே ஒன்றிரண்டு தடவை செய்திருக்கிறார்கள். ஆனால் கையால், ஞாபகத்தில் இருக்கிற பெயர்களை வைத்து. கம்ப்யூட்டர் தேடித் தரும் என்று அவருக்குத் தெரியாது. உன் எண், என் எண், அந்த இரண்டு எண்கள், நான்கையும் எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். "இது எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காக, நேற்று பழைய பட்டியல்களின் நகலில் அதை ஓட்டிப் பார்த்தேன். உள்ளே படித்துவிட்டு, அசலுக்கான வழியைத் துண்டித்துவிட்டு, மேலாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உன் இரண்டாவது பிரேக். ஜோடிகள் வந்துகொண்டே இருந்தன. பெயர்களைப் பார்த்தோம். நிறைய பேருக்குப் பக்கத்தில் காலமானார் என்று இருக்கிறது. அது என் தப்பால் வந்த காலமானார் இல்லை. நிஜமாகவே.

மேலாளர் போதும் என்று திரையை அணைத்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நேற்று பார்த்தேன்.

அந்த இன்னொரு ஜோடி யார் என்று உன்னிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எனக்கும் தெரியாது, எண்தான் தெரியும். ஆஸ்பத்திரி அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும். அவர்கள் சம்மதிக்க வேண்டும். அப்புறம் ரத்தத்தைக் கலந்து பார்க்க வேண்டும். நீ புதிதாகப் பதிந்துகொள். கடைசியில் போட்டாலும் பரவாயில்லை, பதிந்துகொள்.

தம்பி

ஏப்ரல் 6

டேய் போர்வை,

எத்தனை நாளாயிற்று உன்னை இப்படிக் கூப்பிட்டு. வெயில் காலத்தில்கூட ஃபேனை நிறுத்திவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தவன் ஞாபகம் வந்துவிட்டது. காரணம் இருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

இன்று மெஷினில் படுத்திருக்கிறேன். புது எண்ணோடு, நல்ல பிள்ளையாக. ஃபேன்காரர் என்னைவிட முன்னாலேயே வந்துவிட்டார். ஆள் வழக்கம்போல இல்லை. ஃபேனைப் பற்றிப் பேச்சே காணோம். அவர் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"நல்ல சேதிதான்" என்றது. "எங்களுக்கு ஒரு ஜோடி கிடைச்சிருக்காம். என்னுது இவருக்குச் சேராதுன்னு அப்பவே சொல்லிட்டாங்க இல்ல? இப்ப என்னுதை ஒரு பொம்பளைக்குக் கொடுக்கணுமாம், அவங்க தம்பி இவருக்குக் கொடுப்பாராம். யாரோ எவரோ. அந்தத் தம்பி நல்லா இருக்கணும்."

நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. நர்ஸ் என் மெஷினைத்தான் ஓடி வந்து பார்த்தாள், ஏதோ அடைத்துக்கொண்டது என்று.

"அந்தப் பொம்பளைக்குப் போன மாசம் ஏதோ குழப்பம் ஆச்சாம், செத்துட்டாங்கன்னு தப்பாப் பதிஞ்சுட்டாங்களாம்" என்று ஃபேன்காரர் சொல்லிக்கொண்டே வந்தவர், அப்படியே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். சம்சாரத்தைப் பார்த்தார். அப்புறம் அந்த மனுஷி எழுந்து வந்து, ஊசி ஏறியிருந்த என் கையைத் தொடாமல், என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள், கேட்டிருக்கிறேன். இப்படியா? வாரம் மூன்று நாள், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், எனக்குப் பொருந்துகிற கிட்னி ஸ்டூலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்குப் பொருந்துகிறவனை நான் நாள்தோறும் அவர் காதுபடத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஃபேனுக்குச் சண்டை போட்ட நேரத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று நினைத்தால் மயக்கமே வருகிறது. ஆனால் என்னவென்று கேட்பது? யாருக்குத் தோன்றும்?

ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். உன்னையும் கூப்பிடுவார்கள்.

ஒன்று கேட்கிறேன், நிஜமாகச் சொல். உனக்குப் பயமாக இருக்கிறதா? பயமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு. இந்தத் தடவை "முடியாது" என்று சொன்னால் நான் நம்பரை எடுக்கமாட்டேன்.

அக்கா

மே 8

அக்காவுக்கு,

பயமாக இருக்கிறது. வருகிறேன்.

கலந்து பார்த்த ரத்தம் எதுவும் சண்டை போடவில்லை, நாளைக்கு இந்நேரம் ஆபரேஷனுக்காக நாம் நான்கு பேரும் ஒரே மாடியில் இருப்போம். முன்னாலேயே வந்து உன்னைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் நான் அழுவேன், நான் அழுதால் நீ திட்டுவாய், ரத்த அழுத்தம் ஏறும், டாக்டர் தள்ளிப்போடுவார். அதனால் எழுதுகிறேன்.

செத்தவர்களைத் திருப்ப வழி இல்லை என்றார்களே, அந்த மாட்யூலை எழுதிவிட்டேன். தப்பாகப் பதிந்த மரணத்தை நீக்கி, பழைய எண்ணை, லைசென்ஸை, கண் தானத்தைக்கூட, இருந்தபடி திருப்பி வைக்கும். கிடங்கில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன், நிஜமாகவே யாரும் எழுதியிருக்கவில்லை. விவரக் குறிப்பில் 'பலவகைப் பயன்' என்று போடவில்லை. 'உயிரோடிருப்பவரை உயிரோடிருக்கிறார் என்று பதியும்' என்று எழுதியிருக்கிறேன். யார் தேடினாலும் கிடைக்கும். அந்த மாற்று ஜோடி மாட்யூலுக்கும் ஒழுங்கான குறிப்பு எழுதியாயிற்று. அதை இப்போது வாராவாரம் ஓட்டுகிறார்கள்.

உனக்கு இன்னும் ஓட்டவில்லை. எல்லாம் தயார். மேலாளர் போன வாரமே ஓட்டிவிடலாம் என்றார். நான்தான் பிடிவாதமாக வேண்டாம் என்றேன். சிரிக்காதே. விடை தெரிந்த கேள்வியைத்தான் கேட்க வேண்டும் என்பது இந்த முறையின் முதல் விதி. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாமல் நீ உயிரோடிருக்கிறாய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரு தடவை உன்னைப் பற்றித் தப்பாக எழுதியது போதும்.

நீ கண் விழித்து உன் கையால் ஒரு வரி எழுதிக் கொடு. நான் படுக்கையில் இருப்பேன், மேலாளர் ஆபீஸில் காத்திருப்பார். உன் வரி வந்தால்தான் அவர் பொத்தானை அழுத்துவார்.

உன்னைப் பற்றிய எல்லா எண்களும் எனக்கு மனப்பாடம், அக்கா. தேடுவதற்கு முழுசாகத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும் என்றதும் யோசிக்கவே இல்லை, உன்னைத்தான் எடுத்தேன். அதற்காகவும் மன்னித்துவிடு.

போர்வை

மே 11

தம்பி,

நர்ஸிடம் காகிதம் கேட்டு வாங்கிப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும்.

உன் வார்டிலிருந்து, நீ விழித்துவிட்டாய், கஞ்சி குடித்தாய், ஊசி போட்ட நர்ஸிடம் "தேங்க்ஸ்" சொன்னாய் என்று வரிசையாகச் சேதி வந்துவிட்டது. அப்புறம்தான் நான் கண்ணை மூடித் தூங்கினேன்.

ஃபேன்காரருக்கும் நினைவு வந்துவிட்டது. கண் திறந்ததும் முதல் வார்த்தையே, குளிருது, ஃபேனை நிறுத்துங்க, போர்வை கொடுங்க என்றாராம். அவர் சம்சாரம் சக்கர நாற்காலியில் அவரைப் பார்க்கப் போயிருக்கிறது. "இவரு இப்படிச் சொல்றவரே இல்லையே, என்னாச்சு இவருக்கு" என்று நர்ஸைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகையாம். பயப்படாதீங்க, அது என் தம்பியோடது, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியனுப்பினேன்.

என்னுடையது நேற்றே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. டாக்டர் இன்று எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அளக்காமல். மெஷினில் இருந்த நான்கு வருஷமும் மடக்குக் கணக்கில்தான் தண்ணீர், இன்று முழு டம்ளர். பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.

மேலாளரிடம் சொல். நான் கண் விழித்துவிட்டேன். ஓட்டட்டும்.

அக்கா